ஜாய்ஸ் எடுத்த வகிடு

முடியை வெட்டக் கூடாது என்று நீமா கேட்டாள். வெட்ட மாட்டேன் என்று காளிராஜ் சொன்னான். மதுரையில் விமானம் இறங்கி, சங்கரன்கோவில் பஸ்ஸில் மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துக்கொண்டு வந்த மத்தியானம் அது. சொல்லும்போது அது ஒரு வாக்கு என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஏழு வயதுப் பிள்ளை எதைக் கேட்டாலும் தகப்பன் சரி என்றுதான் சொல்வான். அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது என்பதுகூட ராஜபாளையம் தாண்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

காளிராஜ் போர் லாரிக்காரன். கிணறு துளைக்கிற வண்டியோடு தான்சானியாவுக்குப் போனவன், முவான்சா என்ற ஏரிக்கரை ஊரில் ஜாய்ஸைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். போன மழைக்காலத்தில் ஜாய்ஸுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவள் செய்த கடைசி வேலை மகளுக்குத் தலை பின்னியது. கட்டிலில் தலையணையில் சாய்ந்துகொண்டு, இருமல் வரும்போது நிறுத்தி, மூச்சு திரும்பியதும் விட்ட இடத்தில் தொட்டு, ஒரு நாளில் முடியாமல் மறுநாளும் உட்கார்ந்து பின்னினாள். மண்டையோடு ஒட்டி வரப்பு போட்ட மாதிரி சின்னச் சின்னச் சடைகள். நெற்றியில் தொடங்கிய வகிடுகள் நேராகப் போகாமல் காதுக்கு மேலே வளைந்து பிடரியில் போய்க் கூடின. ஒவ்வொரு வகிடும் பிளேடால் கீறியதுபோல் சுத்தமாக இருந்தது. பின்னி முடித்த வாரத்தில் ஜாய்ஸ் இறந்துபோனாள்.

அந்தச் சடைகளோடுதான் நீமா சங்கரன்கோவிலுக்கு வந்து இறங்கினாள்.

காளிராஜின் அக்கா ஆவுடையம்மாளின் வீடு தறிச்சத்தம் ஓயாத தெருவில் இருந்தது. அவளுடைய இரண்டு மகன்களும் திருப்பூரில். புருஷன் குற்றாலநாதன் முன்கட்டில் துண்டுத் தறி ஓட்டினார். ஆவுடை ராட்டையில் தறிக்குத் தார் சுற்றுவாள்; குச்சியில் ஊடைநூல் ஏற்றுகிற வேலை. சிக்கு விழுந்து மற்றவர்கள் தூர எறிந்த நூலையெல்லாம் மடியில் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே பிரித்துவிடுவாள். அந்தத் தெருவில் அவளுக்கு அதில் ஒரு பெயர் உண்டு. தம்பி மகளைப் பார்த்த அன்றே அவள் கை அந்தத் தலையைத் தேடித்தான் போனது.

"ஏட்டி, இங்கன வா. அத்த ஒண்ணும் செய்ய மாட்டேன். பேன் மட்டும் பாக்கேன்."

"வேண்டாம்."

"பாக்காம விட்டா பேனு ஒன்னத் தூக்கிட்டுப் போய்க் கடல்ல போட்டுரும், பாத்துக்க."

"பேன் சின்னது. நான் பெருசு."

"வாயப் பாரு. அப்படியே ஒங்கப்பன் வாயி."

நீமாவுக்குத் தகப்பன் பேசிய தமிழ் முன்பே தெரியும். தெருவில் கலந்து விளையாடிய ஒரு மாதத்தில் அது முழுக்க இந்த ஊர்த் தமிழாகிவிட்டது. தலை விஷயத்தில் மட்டும் அவள் மசியவில்லை. யார் கை நீட்டினாலும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தறிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். "இது எங்கம்மா பின்னுனது. அவுத்துட்டா திரும்ப யாரு பின்னுவா?" என்று ஒருநாள் கேட்டாள். அதைக் கேட்டதும் ஆவுடை எழுந்துகொண்டாள். அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள்.

ஆனால் முடி யாருக்காகவும் நிற்கவில்லை. சடையின் அடியில் புது முடி சுருண்டு சுருண்டு முளைத்தது. உதிர்ந்த முடி வெளியே விழ வழியில்லாமல் சடைக்குள்ளேயே கிடந்து திரண்டது. ஆடித்தபசு முடிந்து, ஆவணியும் கழிந்தபோது பக்கத்துச் சடைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, வகிடுகள் மூடத் தொடங்கின. பேன் விழுந்தது. பிள்ளை தூக்கத்தில் சொறிந்து சொறிந்து பிடரியில் புண்ணாக்கிக்கொண்டாள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ஆவுடையிடம், "கம்பிநாருன்னா என்ன அத்த?" என்று கேட்டாள்.

ஆவுடையின் கையில் இருந்ததே அதுதான். சட்டென்று தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டாள். "யாருட்டி சொன்னது?"

"எல்லாரும். என் பேரு அதான்."

காலாண்டு விடுமுறைக்கு முன்பு வகுப்பாசிரியை மீனலோசினி காளிராஜை வரச் சொன்னாள். நல்ல பெண். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க சார். பிள்ள நல்லாப் படிக்கா. பேன்தான் பிரச்சன. பக்கத்துல உக்கார மாட்டேங்குதுங்க. லீவு முடிஞ்சு வரும்போது ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா ஒட்ட வெட்டி விட்டுருங்க. எனக்கு வேற வழி தெரியல."

வீட்டில் ஆவுடை காத்திருந்ததுபோல் பிடித்துக்கொண்டாள். "நீங்க வந்த அன்னிக்கே நான் சொன்னேன். கோவில்ல மொட்டையப் போட்டுரு. அடுத்தாப்புல வளருத முடி நம்ம முடி மாதிரி எறங்கி வளரும். ஊருல எத்தன பிள்ளைகளப் பாத்துருக்கேன்."

"வெட்ட மாட்டேன்னு சொல்லிருக்கேன்க்கா."

"பிள்ளைகிட்டச் சொன்னதுக்கெல்லாம் நின்னா குடும்பம் நடத்த முடியுமால?"

காளிராஜ் மகளைக் கூட்டிக்கொண்டு தேரடிப் பக்கம் அனுராதாவின் பியூட்டி பார்லருக்குப் போனான். அவள் ஒரு சடையை விரலால் தூக்கிப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். முடியை நேராக்குகிற க்ரீம். கல்யாணப் பெண்களுக்குப் போடுவதாம். மூன்று மணி நேரத்தில் மழைத்தண்ணீர் மாதிரி தொங்குமாம். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடி காளிராஜுக்குப் பழகிய நெடியல்ல. ஆனால் அதன் வேலை அவனுக்குத் தெரியும். ஜாய்ஸின் இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு முடி முளைக்காத வழுவழுப்பான ஓர் இடம் இருந்தது. பள்ளிக்கூட வயதில் அவளுடைய சித்தி பூசிவிட்ட, முடியை நேராக்குகிற மருந்தில் தோல் வெந்த தழும்பு. நீமா பிறந்த வாரத்தில் அவன் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்து, என் பிள்ளை தலையில் இது படக் கூடாது என்று ஜாய்ஸ் சொல்லியிருந்தாள்.

"வேண்டாம்மா" என்றான்.

"நெசத்தச் சொன்னா சின்னப்பிள்ளைக்கு நான் போடுததில்ல அண்ணாச்சி. அதுவும் புண்ணு இருக்கு. கேட்டீங்களேன்னு காமிச்சேன்." அனுராதா டப்பாவை மூடினாள். "இந்த முடிக்கு என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லிக் குடுக்கல. ஒங்க வீட்டம்மா என்ன செய்வாங்க?"

அந்தக் கேள்வியோடுதான் அவன் திரும்பி வந்தான். ஜாய்ஸ் என்ன செய்வாள்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாள். பிள்ளையை முழங்கால்களுக்கு நடுவில் இருத்திக்கொள்வாள். பக்கத்தில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் வழவழவென்று ஏதோ. அது என்னவென்று யோசித்து யோசித்து, மறுநாள் மார்க்கெட்டில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது கண்ணில் பட்ட குவியலைப் பார்த்துத்தான் அவனுக்கு வந்தது. வெண்டைக்காய். வேகவைத்துத் துணியில் பிழிந்த வெண்டைக்காய்க் கொழகொழப்பு.

அவன் வாங்கி வந்த பையைக் கவிழ்த்துப் பார்த்து ஆவுடை இடுப்பில் கைவைத்தாள். "வெண்டக்கா தின்னா கணக்கு வரும்பாக. தலையில தேச்சா என்ன வரும்? கலெக்டராயிருவாளா?"

"சிக்கு வழுக்கிட்டு வரும்க்கா."

"புளிக்கொழம்பு வைக்க வேண்டியதத் தலையில கொட்டுத குடும்பம் இந்தத் தெருவுலயே நம்ம குடும்பந்தான்" என்றாள். ஆனால் நறுக்கிக் கொடுத்தது அவள்தான். அவள் கணவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, கொதித்து ஆறியதைப் பிழிந்தும் கொடுத்தாள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் நூலாக இறங்கியது.

நீமாவைச் சம்மதிக்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. புறவாசலில் துவைகல் பக்கம் போட்ட பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கிண்ணத்தை மோந்து பார்த்தாள். அந்த வாசனைதான் அவளை உட்காரவைத்தது என்று காளிராஜ் நினைத்தான்.

"வெட்டக் கூடாது."

"வெட்ட மாட்டேன்."

"அவுத்துட்டு, அதே கோடு போடணும். அம்மா போட்டது."

"போடுதேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் மக்கா."

அவன் பொய் சொல்லவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அந்தப் பெட்டிக்கு எதிரிலேயே, வாசற்படியில் நாற்காலி போட்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தவன். எல்லாமே அவன் கண் முன்னால்தான் நடந்தது.

விடுமுறை நாட்கள் முழுவதும் அவன் வேறு வேலைக்குப் போகவில்லை. பனவடலிசத்திரத்தில் ஒரு போர் போட வண்டிக்காரன் கூப்பிட்டபோதும் வரவில்லை என்றுவிட்டான். வேலை அவனுக்கு ஒருவிதத்தில் தெரிந்த வேலையாகத்தான் இருந்தது. பாறைக்குள் துளைக்கிற பிட் மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. இழுத்தால் கம்பி முறியும். தண்ணீர் விட்டு, முன்னும் பின்னும் அசைத்து, அது தானாக விடுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். சடையின் நுனியை நனைத்து, கொழகொழப்பைத் தடவி, ஊறவிட்டு, நுனியிலிருந்து விரலால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தான். நுனி பிரிந்த பிறகு ஒரு விரற்கடை மேலே. அது பிரிந்த பிறகு இன்னும் மேலே. சீப்பைத் தொடவே இல்லை. பிரித்த முடி மறுபடி பற்றிக்கொள்ளாமல் அன்றன்றே தனித்தனியாக முறுக்கி நூலால் கட்டி வைத்தான். உதிர்ந்த முடி பந்து பந்தாக வந்தது. ஒரு சடை அவிழ இரண்டு மூன்று மணி நேரம் போனது. சிலது அதற்கும் அடங்கவில்லை.

முதலில் நீமா ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தினாள். ஒருமுறை அவன் கையைக் கடித்தாள். போகப் போக, அவன் விரல்கள் இழுக்காது என்று தெரிந்ததும் தலையை அவன் முழங்காலில் சாய்த்துவிட்டாள். முவான்சாவில் அம்மா தலை பின்னும்போது சொல்லுகிற முயல் கதையைத் தமிழில் சொன்னாள். பாதியில் தமிழ் கிடைக்காத இடங்களில் அவளுடைய மற்ற மொழியில் சொன்னாள். பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த ஆவுடை, "அந்த மொசலு கடைசில என்னாச்சுட்டி?" என்று கேட்டாள். "தூங்கிட்டேன், தெரியாது" என்றாள் நீமா. ஒவ்வொரு தடவையும் அவள் அந்த இடத்தில் தூங்கிப்போயிருக்கிறாள்.

ஆவுடையால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஈர நூல்ல சிக்கெடுக்கக் கூடாதுல. காய்ஞ்சு கெடந்தாத்தான் இழ தெரியும். ஈரத்துல இழுத்தா அத்துட்டு வரும்."

"இது நூலில்லக்கா. காய்ஞ்சா இறுகும்."

"என்னமோ போ. நான் அம்பது வருசமா நூலத் தொடுதேன்."

விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கடைசிச் சடையும் அவிழ்ந்தது. கட்டி வைத்ததையும் தளர்த்திவிட்டு, நனைந்து கனத்த முடியைக் காளிராஜ் நுனியைப் பிடித்து நீட்டினான். அது நீமாவின் முதுகில் பாதிக்கு வந்தது. விட்டதும் ஏறிச் சுருண்டு தோளில் நின்றது. ஆவுடை ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"எம்மாடி! இம்புட்டு முடியையா சுருட்டி வச்சிருந்தா! எங்க யாருக்கும் இல்லையேட்டி!"

நீமா கண்ணாடி கேட்டாள். கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "அம்மா மாதிரி இருக்கேன்" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் காளிராஜ் பார்த்தான்.

அலசுவதற்குத் தண்ணீர் போதவில்லை. குழாயில் தண்ணீர் வந்து நாளாகியிருந்தது. தொட்டியில் அடிமட்டத்தில்தான் கிடந்தது. ஜாய்ஸ் நன்றாக அலசுவாளா, கொழகொழப்பைக் கொஞ்சம் விட்டுவைப்பாளா என்றும் அவனுக்கு நினைவில்லை. இரண்டு சொம்பு ஊற்றி அலசினான். ஜாய்ஸ் ஈரத்தோடுதான் பின்னுவாள் என்பது மட்டும் நன்றாக நினைவிருந்தது. வளைந்து போகிற வகிடுகள் அவனுக்கு வரவில்லை. "நாளைக்கு ஸ்கூலுக்கு இது போதும். அப்புறமா ஒன்னொன்னாப் போடுவோம்" என்று சொல்லி, தலையை நாலு பாகமாக்கி, தடியாக நாலு சடை பின்னினான். கோணல்மாணலான சடைகள். நீமா தொட்டுப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றாள்.

சாயங்காலம் சிவகிரிப் பக்கமிருந்து காற்று திரும்பி, லேசாகத் தூறியது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நீமா இரண்டு தும்மல் போட்டாள். பிறகு இருமினாள். சின்ன இருமல்தான்.

ஆவுடை வந்து பிடரியில் கைவைத்துப் பார்த்தாள். "ஏலே, இன்னும் ஈரமாவே இருக்கு! ஈரத் தலையோடயா பின்னிப் போட்டிருக்க? கூறு இருக்கா ஒனக்கு?"

"ஜாய்ஸ் அப்படித்தான் பின்னுவா. துணி கட்டி விட்டுருவா."

"அது அந்த ஊரு வெயிலு. இங்க ஈரத்தப் பூட்டி வச்சா தலையில நீரு கோத்துக்கிடும். நெஞ்சுல எறங்கும்." அடுத்ததை ஆவுடை வேண்டுமென்று சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "தாய்க்காரியும் நெஞ்சுச் சளியிலதானல போனா?"

நீமா மறுபடியும் இருமினாள். முவான்சா ஆஸ்பத்திரியில் ஜாய்ஸின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று கேட்ட சத்தம் காளிராஜின் காதில் வந்து விழுந்தது. அதன் பிறகு அவன் யோசிக்கவில்லை. மகளை இழுத்து உட்காரவைத்து, தான் பின்னியதைத் தானே அவிழ்த்தான்.

"அம்மா அவுக்க மாட்டா" என்றாள் நீமா. "துணி கட்டித் தூங்கச் சொல்லுவா. யப்பா, அவுக்காத."

"காயட்டும் மக்கா. காலைல பின்னிருவோம்."

"காலைல வராது."

"வரும். அப்பா இருக்கேம்லா."

ஆவுடை புதுத் துண்டை எடுத்து, தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சொட்டு ஈரம் இல்லாமல் பரபரவென்று துவட்டினாள். தன் மகன்களை அப்படித்தான் துவட்டி வளர்த்தாள். தணலில் சாம்பிராணி போட்டு, கூடையைக் கவிழ்த்து, முடியை அதன் மேல் பரத்திப் புகை காட்டினாள். சளி பிடிக்காமலிருக்க நல்லெண்ணெய் ஒரு கரண்டி காய்ச்சி உச்சியில் தேய்த்தாள். வீடெல்லாம் மணத்தது. இருமல் நின்றது. விரித்த முடியோடு நீமா அத்தையின் பக்கத்தில் தூங்கிப்போனாள். அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாகத்தான் படுத்தார்கள்.

விடிந்து எழுந்து வந்த நீமாவின் தலையில் முடி காதளவுக்கு ஏறியிருந்தது. பிரித்த இழைகள் எல்லாம் தனித்தனியாகச் சுருண்டு, பக்கத்து இழையைப் பற்றி, அதுவும் அதன் பக்கத்து இழையைப் பற்றி, தலை முழுவதும் ஒரே கட்டியாகிப்போயிருந்தது. அலசாமல் விட்ட வெண்டைக்காய்ச் சாறும் எண்ணெயும் புகையில் காய்ந்து பசையாக இறுகியிருந்தது. விரல் நுழையவில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

ஆவுடை தடவிப் பார்த்தாள். "கஞ்சி போட்ட பாவு நூல் மாதிரில்லா வெறச்சுப் போச்சு" என்றாள். பிறகு குரல் மாறி, "என் கண்ணுதான் பட்டுருச்சு. இம்புட்டு முடியான்னு நேத்து நாந்தான சொன்னேன்" என்றாள்.

காளிராஜ் வெண்டைக்காய் வாங்க ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் ஆவுடை தனக்குத் தெரிந்த வேலையைத் தொடங்கியிருந்தாள். பிள்ளையை மடியில் அமுக்கிக்கொண்டு, காய்ந்த கட்டியில் ஓர் இழையின் நுனியைத் தேடி, ஊசியால் நெம்பி இழுத்தாள். நூலில் அவளுக்குப் பிடிபடாத சிக்கே கிடையாது. இங்கே இழுத்த ஒவ்வொரு இழையும் மற்ற எல்லாவற்றையும் இறுக்கியது. சீப்பைப் போட்டாள். சீப்பின் பல் ஒடிந்து உள்ளேயே தங்கியது. நீமா அலறிய அலறலில் முன்கட்டில் குற்றாலநாதன் தறியை நிறுத்திவிட்டார்.

காளிராஜ் வந்தபோது ஆவுடை கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நூலுன்னா ஒரு தலப்பு இருக்கும்ல. இதுல எல்லாமே தலப்பா இருக்கு. இல்லன்னா ஒண்ணுமே இல்ல." அவளுடைய விரல் நகங்களில் ரத்தம் இருந்தது. பிள்ளையின் ரத்தம். பிடரிப் புண் முழுக்கக் கிழிந்திருந்தது.

அவன் நனைத்தான். தடவினான். ஊறவைத்தான். ஆனால் இப்போது அவன் விரல் பக்கத்தில் வந்தாலே நீமா உடம்பை விறைத்துக்கொண்டு கத்தினாள். முழங்காலில் தலையைச் சாய்க்கவில்லை. முயல் கதை சொல்லவில்லை. ஓரத்தில் கொஞ்சம் இளகியது. நடுவில் எதுவும் அசையவில்லை. அந்த வாரம் முழுவதும் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. புண் பழுத்தது. காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். கட்டிக்கு அடியில் எங்கெல்லாம் சீழ் இருக்கிறது என்பதே தெரியவில்லை என்றாள். "முடிய எடுத்தாத்தான் மருந்து போட முடியும். இன்னும் தள்ளிப்போடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவன் மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தான். எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"வெட்ட மாட்டேன்னு சொன்ன" என்றாள் நீமா.

"ஆமா மக்கா. சொன்னேன்."

அவள் எழுந்து போய்த் தறிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

எடுப்பதுதான் எடுக்கிறோம், சாமிக்குப் போகட்டும் என்றாள் ஆவுடை. காளிராஜுக்கு மறுக்கத் தெம்பில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கோவிலில் முடி எடுக்கிற இடத்துக்குப் போனார்கள். நாவிதர் சிவனாண்டி வயதானவர். கத்தியில் புது பிளேடு மாட்டிக்கொண்டே, "தாய்மாமன் யாரு? மடியில உக்கார வையிங்க" என்றார்.

நீமாவின் மாமன் அந்நேரம் முவான்சாவில் ஏதோ ஒரு தெருவில் ரொட்டி வாங்கிக்கொண்டிருப்பான்.

"மாமன் வெளிநாட்டுல இருக்கான்" என்றாள் ஆவுடை.

"அப்ப அப்பன் உக்காருங்க."

காளிராஜ் மகளை மடியில் வைத்துக்கொண்டான். சிவனாண்டி தண்ணீர் தெளித்துத் தேய்த்துப் பார்த்தார். கத்தியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். "என்னய்யா இது, கம்பளி மாதிரி இருக்கு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அடியில் புண் இருந்த இடங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வெட்டினார். முடி கொத்துக் கொத்தாக விழவில்லை. மொத்தமாக, ஒரு தொப்பியைக் கழற்றுவதுபோல், ஒரே துண்டாகக் கையோடு வந்தது. நீமா அழவில்லை. அவள் கைகள் இரண்டும் தகப்பனின் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன. சிவனாண்டி அந்தத் துண்டைப் பக்கத்தில் இருந்த தொட்டியில், மற்றவர்களுடைய நீண்ட கறுப்பு முடிகளின் மேல் போட்டார்.

"அத எடுத்துக்கிடலாமா?" என்று நீமா கேட்டாள்.

"சாமிக்குக் குடுத்தத எடுக்கக் கூடாதுட்டி" என்றாள் ஆவுடை. அவள் அழுதுகொண்டிருந்தாள். "இனி நீட்டமா, அழகா வளரும் பாரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

காளிராஜ் தொட்டியைப் பார்த்தான். கைநீட்டினால் எட்டுகிற தூரம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவன் நகர்ந்தான்.

புண்ணுக்கு மருந்து போட்டது போக மீதித் தலைக்கு ஆவுடை சந்தனம் குழைத்து அப்பினாள். சாமி கும்பிட்டு வருகிறேன் என்று அவள் உள்ளே போக, தகப்பனும் மகளும் வெளியே கோபுர நிழலில் உட்கார்ந்தார்கள். மொட்டைத் தலையில் பிள்ளையின் முகம் வேறு யாருடையதோபோல் இருந்தது. கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எதிரே பூக்காரிகள் கூவிக்கொண்டிருந்தார்கள். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது.

நீமா ஆள்காட்டி விரலை நெற்றிக்கு மேலே வைத்தாள். மெதுவாகப் பின்னால் இழுத்தாள். ஈரச் சந்தனத்தில் ஒரு கோடு விழுந்து அடியில் தோல் தெரிந்தது. கோடு காதுக்கு மேலே வளைந்து பிடரிக்குப் போனது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இழுத்தாள். அதுவும் வளைந்தது. மூன்றாவதை நெற்றியில் தொடங்கி, கொஞ்சதூரம் போய், விரலை நிறுத்திக்கொண்டாள்.

"யப்பா, இது எங்கிட்டுப் போவும்?"

காளிராஜ் நினைத்துப் பார்த்தான். கவிழ்த்த பழப்பெட்டி வந்தது. கிண்ணம் வந்தது. ஜாய்ஸின் முழங்கால்களும் நடுவில் குனிந்த பிள்ளையும் வந்தார்கள். அவள் கைகள் இருந்த இடத்தில், அவன் கையில் பிடித்திருந்த போனின் வெளிச்சம்தான் வந்தது.

"தெரியல மக்கா" என்றான்.

விரல் அந்த இடத்திலேயே இருந்தது. வெயில் நிழலைத் தாண்டி அவர்கள் காலுக்கு வந்தது. சந்தனம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கி, போட்ட இரண்டு கோடுகளும் பொருக்குத் தட்டி உதிர ஆரம்பித்தன.